முதல் பாடம்: முட்டியை மடக்கு



போன வாரம் என் மகள் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், ஆண்டு விழாவில் எங்களை ஒரு சினிமாப் பாட்டுக்குக்கூட ஆட விடாத நீங்களா இது?" என்று என் பழைய மாணவன் ஒருவன். (அது அப்போதைய தலைமையாசிரியரின் உத்தரவு தம்பி, என் தலையில் போடாதே.) "முட்டிக்குத் தைலம் தேய்க்கிறவளுக்கு ஆப்பிரிக்க டான்ஸ் என்ன கேடு?" என்று எங்கள் அண்ணி. இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

லண்டனில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமை காலையில் "ஆப்பிரிக்க நடனம், புதியவர்களுக்கு, வயது தடையில்லை" என்று ஒரு வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் கானா நாட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். முதல் நாள் அவர் சொன்ன முதல் விஷயம், அப்படி ஒரு நடனமே கிடையாது என்பதுதான். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். அவருடைய ஒரு நாட்டுக்குள்ளேயே அக்கான், எவே, கா, தக்பாம்பா என்று பல மக்கள். ஒவ்வொருவருக்கும் தனி மொழி, தனி மேளம், தனி ஆட்டம். அறிவிப்பில் அத்தனையும் எழுத இடம் போதாது என்பதால் "ஆப்பிரிக்க நடனம்" என்று எழுதியிருக்கிறார்களாம். "உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவது கானாவின் நாலு ஆட்டங்கள். அவற்றின் பெயரைத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பெயர் சொல்லித் தொடங்குகிற ஆசிரியர் நல்ல ஆசிரியர்.

முதல் பாடம் நிற்பது. முட்டியை மடக்கி நிற்க வேண்டும். பரதம் படித்த பெண்பிள்ளைகளுக்கு அரைமண்டி தெரியும். அதில் முட்டி பக்கவாட்டில் விரியும், முதுகு கம்பம்போல நேராக நிற்கும். இங்கே முட்டி முன்பக்கம் மடங்கும், உடம்பு இடுப்பிலிருந்து சற்றே முன்னால் சாயும். நாற்று நடப்போகும் பெண் குனிவதற்கு ஒரு நொடி முன்னால் நிற்பாளே, அந்த அளவு சாய்வு. பாதம் முழுதும் தரையில் பதியும், குதிகால் தூக்கும் வேலை இல்லை. உடம்பின் கனத்தை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் இந்த நிலை வந்துவிட்டால் தோள், இடுப்பு, கை எல்லாம் விடுதலையாகிவிடுகின்றன. முட்டி விறைத்து நின்றால் ஒன்றும் அசையாது. அண்ணி, முட்டியை ஆழமாக மடக்கச் சொல்லவில்லை, கொஞ்சம் தளர்த்தச் சொல்கிறார்கள், அவ்வளவே. எனக்கு வலிக்கவில்லை.

இரண்டாவது பாடம் காது. வகுப்பில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று யாரும் எண்ணவில்லை. ஓர் இரும்பு மணியைத் தட்டினார்கள். மாட்டுக் கழுத்து மணி போன்ற உருவம், உள்ளே நாக்கு கிடையாது, குச்சியால் வெளியே தட்டுவது. மேளங்கள் எத்தனை முழங்கினாலும் எல்லோருக்கும் ஆதாரம் அந்த மணிதான். அது ஒரே அடவைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும். முதலில் மணியைக் கேள், பிறகு சின்ன மேளங்களைக் கேள், கடைசியில்தான் பெரிய மேளம் என்றார். பெரிய மேளக்காரர் ஒரு குறிப்பிட்ட வாசிப்பை வாசித்தால் அடவை மாற்று என்று பொருள். வாயால் சொல்லமாட்டார். காது கொடுக்காதவர் பழைய அடவிலேயே நிற்பார்.

எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த ஆட்டத்தின் பெயர் க்பன்லோகோ. கவையும் பவையும் பிரிக்காமல் ஒரே மூச்சில் வெடிக்க வேண்டும், நம் மொழியில் இல்லாத ஒலி. அதன் மணி 16 மாத்திரையில் ஐந்து தட்டு. கூட நின்றவர்கள் திணறிக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது, ஏனென்றால் அது நம்முடைய சொல்லில் அப்படியே அடங்கியது: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. கூட்டிப் பாருங்கள், 16 வரும். சத்தமாகச் சொல்லிக் காட்டினேன். வாத்தியார் மேளத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். என் பள்ளிக்கூடத்தில் பாட்டு ஆசிரியை பக்கத்து அறையில் இருந்ததால் கிடைத்த பயன் அது.

இதே ஐந்து தட்டுதான் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் கியூபாவின் இசைக்கும் முதுகெலும்பு. அங்கே அதற்குக் கிளாவே என்று பெயர், இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி வாசிப்பார்கள். கானாவின் கடற்கரையில் எல்மினா, கேப் கோஸ்ட் என்ற கோட்டைகள் இன்றும் நிற்கின்றன. அடிமைகளை அடைத்துவைத்துக் கப்பலேற்றிய இடங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இப்படிப் போனவர்கள் கையில் ஒரு பொருளையும் எடுத்துப்போக முடியவில்லை. காதில் இருந்ததைப் பிடுங்க யாராலும் முடியவில்லை.

இங்கே ஒரு விஷயம். ஆப்பிரிக்க நடனம் என்றதும் நம் ஆட்கள் உடனே "ஆதிகாலத்து" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். க்பன்லோகோவுக்கு வயது என்ன தெரியுமா? கிட்டத்தட்ட என் வயது. 1960களின் தொடக்கத்தில் தலைநகர் அக்ராவில், கா மக்களின் இளைஞர்கள் உண்டாக்கியது. ஒட்டூ லிங்கன் என்ற இளைஞரின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். பழைய கா ஆட்டங்களோடு அந்தக் காலத்து ஹைலைஃப் இசையையும் வானொலியில் வந்த ராக் அண்ட் ரோலையும் கலந்து அடித்தார்கள். பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? இடுப்பசைவு ஆபாசம் என்று எதிர்ப்பு கிளம்பியது. பிறகு மெல்ல மெல்ல ஏற்கப்பட்டது. இன்று உலகம் முழுக்கப் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் "பாரம்பரிய" ஆட்டம் அதுதான். எங்கள் ஆண்டு விழாவில் ஆடக்கூடாதென்று தடுத்த பாட்டுகள் இப்போது "பழைய இனிய பாடல்கள்" ஆகிவிட்டன, அந்த மாதிரி.

சரி, இந்த ஆட்டங்கள் வகுப்பாக, பாடமாக ஆனது எப்படி? வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். அந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லோரும் நம்மவர்கள், அதாவது ஆசிரியர்கள்.

கிராமத்தில் வகுப்பு என்று ஒன்று கிடையாது. குழந்தை தாயின் முதுகில் கட்டப்பட்டிருக்கும்போதே தாயின் ஆட்டத்தை உடம்பில் வாங்கிக்கொள்கிறது. நடக்க ஆரம்பித்ததும் வட்டத்தின் ஓரத்தில் நின்று ஆடிப்பார்க்கிறது. அந்தச் சங்கிலியை அறுத்ததில் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கானாவின் அக்ரோபோங் ஊரில் பாசல் மிஷன் 1848இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நம் ஊர்க் கூரைகளுக்கு மங்களூர் ஓடு செய்தார்களே, அதே சுவிட்சர்லாந்து மிஷன்தான். மதம் மாறியவர்கள் ஊருக்குள் இருக்கக்கூடாதென்று "சேலம்" என்ற பெயரில் தனிக் குடியிருப்பு. (நம் சேலம் இல்லை, பைபிள் பெயர்.) அங்கே இருப்பவர்கள் ஊர் மேளத்தையும் ஆட்டத்தையும் அண்டக்கூடாது. படிப்பு கிடைத்தது, மருந்து கிடைத்தது, கூடவே பாட்டனின் மேளம் பேயின் வேலை என்ற பாடமும் கிடைத்தது.

அந்தப் பயிற்சிப் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தவர் எஃப்ரைம் அமு. 1899இல் பிறந்தவர், பக்தியுள்ள கிறிஸ்தவர். ஐரோப்பியக் கீர்த்தனைகளைத் தம் மொழியில் பாடும்போது சொல்லின் ஏற்ற இறக்கம் சிதைந்து பொருளே மாறிப்போவதைப் பார்த்தார். அந்த மொழிகளில் குரல் உயர்ந்தால் ஒரு பொருள், தாழ்ந்தால் வேறு பொருள். மாணவர்களுக்கு ஊர் இசையைச் சொல்லித்தந்தார். தம் மக்களின் துணியைப் போர்த்திக்கொண்டு சபையில் பிரசங்கம் செய்தார். 1933இல் திருச்சபை அவரை வேலையை விட்டு நீக்கியது. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போயிருந்தால் வேலை தங்கியிருக்கும். அவர் போகவில்லை. பிறகு அச்சிமோட்டா கல்லூரி அவரை எடுத்துக்கொண்டது. இன்று கானாவில் தேசியகீதத்துக்கு அடுத்த மதிப்போடு பாடும் நாட்டுப்பாடல் அவர் இயற்றியது.

அவர் விலகிய சில ஆண்டுகளில் அதே அக்ரோபோங் பள்ளிக்கு மாணவராக வந்தவர் குவாபெனா ங்கெட்டியா. நம்மைப்போல ஆசிரியப் பயிற்சி முடித்து, அங்கேயே ஆசிரியரானவர். லண்டனில் படித்துத் திரும்பி 1952இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கிராமம் கிராமமாகப் போய் மேளக்காரர்களிடமும் பாட்டிமார்களிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதினார். அக்கான் மக்களின் ஒப்பாரிகளைப் பற்றி 1955இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒப்பாரியைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோன மனிதர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை.

1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றது. அதிபர் குவாமே ங்க்ருமாவும் அச்சிமோட்டாவில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பாடம் நடத்தியவர்தான். நாடு ஒன்று, மக்கள் பலர். அசாந்தேக்காரர் எவே ஆட்டம் ஆடுவதில்லை, எவேக்காரருக்கு வடக்கே தக்பாம்பா மேளம் பேசுவது புரியாது. ஒருவர் ஆட்டத்தை மற்றவர் ஆடினால்தான் ஒரு நாடு என்ற உணர்வு வரும் என்று நினைத்தார்கள். 1962இல் அக்ராவுக்கு அருகே லெகோன் பல்கலைக்கழகத்தில் கானா நடனக் குழு உருவானது. ங்கெட்டியா அறிவுக்கு, மவேரே ஒப்போக்கு ஆட்டத்துக்கு. ஒப்போக்கு அடிப்படையில் ஓவியர், ஓவிய ஆசிரியர். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கிராமங்களிலிருந்து ஆசான்களை வரவழைத்தார்கள் என்பது. பட்டம் இல்லாத மேளக்காரர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் நின்று சொல்லித்தந்தார்கள். 1963 அக்டோபரில் ங்க்ருமாவே வந்து ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தை முறைப்படி திறந்துவைத்தார்.

நம் ஊரில் ஏறக்குறைய அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் சதிர் பரதநாட்டியமாகிப் பள்ளிக்குள் வந்தபோது, அதைக் காலகாலமாக ஆடிவந்த குடும்பங்கள் பெரும்பாலும் வெளியே நின்றன. நட்டுவனார்கள் சிலர் உள்ளே வந்தார்கள், ஆடிய பெண்கள் பெரும்பாலும் வரவில்லை. லெகோனில் ஆசான்களோடு சேர்த்தே ஆட்டத்தை அழைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் பாடமாகும்போது ஒன்று மாறத்தான் செய்யும். ஊரில் ஆட்டம் வட்டத்தில் நடக்கும், ஆடுகிறவர் மேளத்தைப் பார்த்து ஆடுவார், இரவு முழுக்க நீளும், யார் வேண்டுமானாலும் நுழையலாம், விலகலாம். மேடைக்கு வந்ததும் வட்டம் வரிசையானது, முகம் பார்வையாளர் பக்கம் திரும்பியது, நேரம் நிமிடங்களாகச் சுருங்கியது. லண்டன் கூடத்தில் நாங்கள் வரிசை வரிசையாக நின்றதற்கும் வேர் அந்த மேடையில்தான் இருக்கிறது. எங்கள் வாத்தியார் கடைசிக் கால்மணி நேரம் வரிசையைக் கலைத்து வட்டமாக நிற்கவைப்பார். நன்றாக ஆடுகிறவர் தலைக்குமேல் இரண்டு விரலை உயர்த்திக் காட்டச் சொல்வார். அது கானாவில் பாராட்டு. வயசானவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே விரல்கள் உயர்ந்தன.

அடுத்துச் சொல்லித்தந்தது எவே மக்களின் அக்பாட்ஜா. போர் ஆட்டமாக இருந்து பொது ஆட்டமானது. இதன் மணி 12 மாத்திரையில் ஏழு தட்டு: தக தக த, தக தக தக த. அடவு முதுகில் இருக்கிறது. தோள்பட்டை எலும்புகள் பின்னால் நெருங்கி விலகும், கைகள் பறவைச் சிறகுபோல மடங்கி அதனோடு போகும், கால் சிறு சிறு அடியாக நகரும். கேட்க எளிது. எனக்கு மூன்று சனிக்கிழமை ஆனது.

எவே ஆட்டங்களில் என்னை உட்காரவைத்துவிட்டது வேறொன்று. ஹுசாகோ, மிசெகோ என்ற ஆட்டங்களில் பின்னோக்கி நடக்கும் அடவு வருகிறது. ஏன் பின்னோக்கி என்று கேட்டேன். அவர் மேளத்தை ஓரம் வைத்துவிட்டுச் சொன்ன கதையைச் சொல்கிறேன். எவே மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் வரலாறு அது.

இன்றைய டோகோ நாட்டில் உள்ள நோட்சே என்ற ஊரில், பெரிய மண்சுவருக்குள் அவர்களின் முன்னோர் வாழ்ந்தார்கள். அரசன் அகோகோலி கொடியவன். முள் கலந்த களிமண்ணை வெறுங்காலால் மிதிக்கவைத்தான், களிமண்ணில் கயிறு திரிக்கச் சொன்னான். தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எல்லாவற்றையும் பெண்கள் சுவரின் ஒரே இடத்தில் தினமும் ஊற்றி வந்தார்கள். நாளடைவில் சுவர் ஊறியது. ஒரு நாள் இரவு மேளம் கொட்டி ஆடினார்கள். கொண்டாட்டம் என்று காவலர்கள் நினைக்க, அந்தச் சத்தத்தில் சுவரை உடைத்துப் பெண்களையும் பிள்ளைகளையும் முதியவர்களையும் முதலில் அனுப்பினார்கள். கடைசியாக வெளியேறியவர்கள் பின்னோக்கி நடந்து போனார்கள். விடிந்து பார்க்கிறவனுக்குக் காலடித் தடம் ஊருக்குள் வருவதுபோலத் தெரியும், வெளியே போனதுபோலத் தெரியாது.

இந்தப் பயணத்தை 17ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். மிசெகோ என்ற பெயருக்கு "இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டு" என்று பொருள். நீளப் பயணம் போகிறவர்களுக்குச் சொல்கிற சொல். அந்த மக்களில் ஒரு பிரிவினரான அன்லோக்கள் நவம்பர் முதல் சனிக்கிழமை அன்லோகா ஊரில் இதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். ஹோக்பெட்சோட்சோ என்று பெயர். அந்த விழா இன்றைய வடிவில் தொடங்கியது 1962இல், லெகோனில் நடனக் குழு உருவான அதே ஆண்டு. முன்னூறு ஆண்டுக்கு மேல் ஒரு இனத்தின் வரலாறு குதிகாலில் இருந்திருக்கிறது. நான் முப்பது ஆண்டுகள் ஆறாம் வகுப்புக்கு வரலாறு நடத்தினேன். சான்றுகள் என்றால் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் என்று எழுதவைப்போம். காலடியையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வடக்கே தக்பாம்பா மக்களிடம் மேளக்காரர்களே வரலாற்றாசிரியர்கள். கக்கத்தில் இடுக்கி அமுக்கி வாசிக்கும் மேளம், நம் உடுக்கையின் பெரியண்ணன் மாதிரி. அரசர்களின் வம்சாவளியை அதில்தான் சொல்கிறார்கள். அதைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு ஆகும்.

கடைசியாகக் கற்றது அசாந்தே மக்களின் அடோவா. பெயருக்கு மான் என்று பொருள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் சாவு வீட்டில் ஆடுவது. கால் மெல்ல நகரும், பேசுவது கைகள். இரண்டு கையும் தலைமேல் போனால் துக்கம். வலது கையை இடது உள்ளங்கையில் வைத்தால் கெஞ்சுதல். இடக்கையை மட்டும் நீட்டிப் பேசுவது மரியாதைக் குறைவு, நம் ஊர் மாதிரியே.

எங்கள் வகுப்பில் கானாவில் பிறந்த ஓர் அம்மையார் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், வகுப்பில் எனக்கும் மூத்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய அப்பா சபையில் உபதேசியார். ஊரில் சாவு விழுந்து மேளம் கேட்டால் அப்பா ஜன்னலைச் சாத்திவிடுவாராம். பிள்ளைகள் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜெபம் சொல்ல வேண்டும். அடோவா ஆடும் ஊரில் பிறந்து, அடோவாவைக் காதால் மட்டுமே தெரிந்து வளர்ந்து, இருபது வயதில் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வந்தவர். நாங்கள் எல்லோரும் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றோம். அவர் மேளம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். அடவு தெரியாது, ஆனால் மேளம் எப்போது மாறும் என்பது எங்களில் அவருக்கு மட்டும் தெரிந்தது. அந்த அக்டோபரில் ஊரில் தன் அக்காவுக்கு ஓராண்டு நினைவு நாள், அதில் ஆடுவதற்காகத்தான் வருகிறேன் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

வகுப்பில் கற்றுக்கொள்வது ஒருபோதும் கிராமத்தில் கற்பதாகாது என்று சிலர் எழுதுகிறார்கள். உண்மைதான். சாவு இல்லாமல் சாவு ஆட்டம் ஆடுகிறோம், ஊர் இல்லாமல் ஊர் விழா ஆடுகிறோம். ஆனால் ஒருமுறை அறுந்துபோனதற்குத் திரும்பிப் போகிற வழி வேறு எது? அந்த அம்மாவுக்குக் கிராமம் ஜன்னலைச் சாத்தியது, சமுதாயக் கூடம் திறந்தது. நான் வகுப்பறையின் பக்கம்தான் நிற்பேன். என் பிழைப்பு அது என்பதாலும் இருக்கலாம்.

உங்களில் யாராவது வெளியூரில், வெளிநாட்டில் இப்படி ஒரு வகுப்பைப் பார்த்தால், சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆட்டத்தின் பெயர் என்ன, எந்த மக்களுடையது, எதற்காக ஆடுவது. பதில் வராவிட்டால் அது உடற்பயிற்சி வகுப்பு. அதுவும் நல்லதுதான், ஆனால் பெயர் வேறு. நேரில் மேளம் வாசிக்கிறார்களா என்றும் பாருங்கள், ஒலிப்பதிவு உங்களைப் பார்த்து அடவு மாற்றாது. செருப்பு வேண்டாம், தளர்வான உடை போதும். முட்டிவலிக்காரர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இப்போதைக்கு உட்கார்ந்த இடத்தில் இதைச் செய்து பாருங்கள். காலால் நான்கு மாத்திரைக்கு ஒருமுறை தரையைத் தட்டுங்கள், மொத்தம் நான்கு தட்டு. அதே நேரத்தில் வாயால் தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கைதட்டு. முதல் தட்டிலும் கடைசித் தட்டிலும் காலும் கையும் சேரும், நடுவில் பிரியும். யாருக்கு வருகிறது என்று கீழே எழுதுங்கள். அண்ணி, நீங்களும்தான்.